கணினிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு

(திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக் கணக்கு மென்பொருள் எழுதும் சிறு நிறுவனம் ஒன்றை 2012 முதல் நடத்திவருபவர், இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: இத்தனை வருடத்தில் நீங்கள் செய்த பெரிய தவறு எது? மழுப்பாமல் சொல்லவும். (வாசகர், சேலம்)

பெரிய தவறு என்றால் பெரிய தொகை என்று நினைப்பீர்கள். என்னுடையது ஒரு ரூபாய்.

பீஸ் ரேட்டுக்கு, அதாவது ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று, தைப்பவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கூலி. எங்கள் மென்பொருளின் முதல் வேலையே அந்தச் சனிக்கிழமைச் சீட்டை அடித்துக் கொடுப்பதுதான். 2013-ல் ஒரு சனிக்கிழமை, ஒரு கம்பெனியில் பிரிண்டர் பக்கத்தில் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன். ஓவர்லாக் அடிக்கும் ஒரு அக்கா சீட்டையும், கூடவே நாலாக மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தையும் மேஜைமேல் வைத்தார். "ஏந்தம்பி, நூறு பீஸு, ஒண்ணு பதினஞ்சு. நூத்திப் பதினஞ்சு வரோணுமல்ல? உங்க மிஷினு ஒரு ரூவாயத் தின்னுருச்சு." சீட்டில் 114 என்று இருந்தது.

கணினி பின்னங்களை 0, 1 மட்டும் உள்ள இரும எண்ணில்தான் வைக்கிறது. மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று எழுதி எழுதி முடிக்கவே முடியாது இல்லையா, அதுபோல 1.15-ஐ அதால் முடிக்க முடியாது. உள்ளே ஒரு மயிரிழை குறைவாகத்தான் நிற்கும். நூறால் பெருக்கினால் 114.99999999999999 வரும். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, சில்லறை வேண்டாமென்று புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டும்படி நான் எழுதி வைத்திருந்தேன். வெட்டினால் 114. சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன், 1.10, 1.25, 1.50 எல்லாம் போட்டுப் பார்த்தேன், அத்தனையும் சரியாக வந்தது. 1.15 போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

பணத்தைப் பின்னமாக வைக்கக் கூடாது, காசாக, முழு எண்ணாக வைக்க வேண்டும். 115 காசு, நூறு பீஸ், 11,500 காசு, முடிந்தது. இது முதலாமாண்டுப் பாடம், நானும் படித்து மதிப்பெண் வாங்கியவன்தான். பழைய சீட்டுகளை எல்லாம் ஞாயிறு முழுக்க உட்கார்ந்து திரும்பக் கணக்குப் போட்டோம். விட்டுப்போன தொகையை முதலாளி அடுத்த வாரக் கூலியில் சேர்த்துக் கொடுத்தார், அதை அப்படியே எங்கள் பில்லில் கழித்துக்கொண்டார். நியாயம்தான்.

ஆனால் எனக்கு உறைத்தது அந்த நோட்டு. அவர் ஏன் தனியாக ஒரு நோட்டு எழுதிக்கொண்டிருந்தார்? எங்கள்மேல் நம்பிக்கை இல்லாமல்தான். அன்றிலிருந்து எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கணினிக்குப் பக்கத்தில் நோட்டு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். இருந்தால் அது எங்கள்மேல் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் புகார்.

கேள்வி: எந்த மொழி, எந்த டேட்டாபேஸ் கற்றுக்கொண்டால் எதிர்காலம்? (மூன்றாம் ஆண்டு மாணவி, நாமக்கல்)

எதிர்காலம் எனக்குத் தெரிந்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

2012 நினைவிருக்கிறதா, சென்னைக்கு வெளியே பாதி நாள் கரண்ட் இருக்காது. கம்பெனிகள் ஜெனரேட்டரில்தான் ஓடின. ஈபி போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் ஒரு பத்து நொடி வரும் பாருங்கள், அந்தப் பத்து நொடியில் கணினி அணைந்துவிடும். யூபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாதம் ஆகியிருக்கும், யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். முதல் பதிப்பில் தரவுகளை நானே ஒரு கோப்பில் எழுதி வைத்தேன், இளமைத் திமிர். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு பாதியில் நிற்கும், அடுத்த முறை திறக்காது. ஒரு நாளில் நாலு முறை போன் வரும்.

அப்போதுதான் எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் (தரவுகளைச் சேமித்து எடுத்துத் தரும் மென்பொருள்) பக்கம் வந்தேன். ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-ல் எழுதியது. அவர் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார். டேட்டாபேஸ் சர்வர், அதாவது கேட்ட தரவை எடுத்துத் தரும் தனி மென்பொருள், படுத்துவிட்டால் இவருடைய நிரலும் சேர்ந்து படுத்துவிடும், திட்டு இவருக்கு விழும். சர்வரே இல்லாமல் ஒற்றைக் கோப்பில் டேட்டாபேஸ் இருந்தால் என்ன என்று யோசித்ததில் பிறந்தது. மாற்றப்போகும் இடத்தில் பழையது என்ன இருந்தது என்று முதலில் ஒரு துணைக் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம்தான் அசல் கோப்பைத் தொடும். நடுவில் கரண்ட் போனாலும் மறுபடி திறக்கும்போது அந்தத் துணைக் கோப்பைப் பார்த்துப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். போர்க்கப்பலுக்கு யோசித்தது, அவிநாசி ரோட்டில் ஒரு பவர் டேபிள் தையல் கூடத்துக்கும் அப்படியே பொருந்தியது. அதை வைத்த வாரத்திலிருந்து கோப்பு திறக்கவில்லை என்று போன் வருவது நின்றது. உங்கள் செல்போனுக்குள்ளும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே மொழி எதுவானாலும் சரி, அது எந்தக் கடுப்பில் பிறந்தது என்று தேடிப் படியுங்கள். உங்கள் கடுப்பும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள்.

கேள்வி: கல்லூரிக்கு வெளியே யாரிடம் அதிகம் கற்றீர்கள்? (ஆசிரியர், திண்டுக்கல்)

ஒரு கணக்குப்பிள்ளையிடம். டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கு முந்தைய காலத்து ஆள், பேரேடு கையால் எழுதியவர்.

என் மென்பொருளில் முன்பணக் கணக்கு இப்படி இருந்தது: ஆளுக்கு ஒரு வரி, அதில் 'பாக்கி' என்று ஒரு எண். முன்பணம் வாங்கினால் எண் ஏறும், கழித்தால் இறங்கும். தவறாகப் போட்டுவிட்டால் எண்ணைத் திருத்திக்கொள்ளலாம், எவ்வளவு வசதி என்று காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "திருத்தினா, முன்னாடி என்ன இருந்துச்சுன்னு எப்படித் தெரியும்?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப இது கணக்கு இல்லைங்க, கரும்பலகை."

பேரேட்டில் அழிக்கக் கூடாது. தப்பாக 500 பற்று எழுதிவிட்டால், அதை அடிக்காமல் இன்னொரு தேதியில் 500 வரவு எழுதி நேர் செய்ய வேண்டும், ஏன் என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் போட வேண்டும். பாக்கி என்பது எழுதி வைக்கிற எண்ணே இல்லை, எல்லாப் பதிவையும் கூட்டிக் கழித்து வருவது. மூன்று மணி நேரம் பாடம் எடுத்தார், நடுவில் இரண்டு டீ.

வீட்டுக்கு வந்து யோசித்தால் தலை சுற்றியது. நாங்கள் நவீனம் என்று பெரிய பெயர் வைத்துப் பேசும் பல விஷயங்கள் இதுதான். எதையும் அழிக்காமல் கடைசியில் சேர்த்துக்கொண்டே போகும் பதிவேடு என்பார்கள், அது இவருடைய பேரேடு. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்க நாங்கள் தினமும் பயன்படுத்தும் கிட், லினக்ஸ் எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது, அதிலும் தவறான மாற்றத்தை விலக்க எதிர்மாற்றம் ஒன்றைப் பதிவு செய்கிறோம். ஒவ்வொரு தொகையையும் பற்று, வரவு என இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை இத்தாலியில் லூக்கா பச்சோலி என்ற பாதிரியார் 1494-லேயே அச்சில் விளக்கிவிட்டார். ஐந்நூறு வருடம் முன்னால் முடிந்துபோன விவாதத்தை நான் 2014-ல் டீ குடித்துக்கொண்டு தோற்றேன்.

முன்பணப் பகுதியை முழுக்கத் திரும்ப எழுத ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் புதிதாக ஒரு ரூபாய் வருமானம் கிடையாது, வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் தடையாக இருக்கிறது. நிரல் எழுதக் கற்பது சாத்தியமா? (பாலிடெக்னிக் மாணவர், தர்மபுரி)

சாத்தியம். தொழில்நுட்ப ஆங்கிலம் சின்னது, திரும்பத் திரும்ப அதே இருநூறு முந்நூறு சொற்கள்தான் வரும். திரையில் பிழைச் செய்தி வந்தால் பயந்து மூடாமல் கடைசி வரி வரை படிக்கும் பழக்கம் வந்தாலே பாதி தூரம் போய்விடலாம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பலர் அதைப் படிப்பதே இல்லை.

எனக்கு வந்த சிக்கல் வேறு. ஆங்கில மாதிரிகளைப் பார்த்து எழுதும்போது, அந்த ஊர் வழக்கமும் சேர்ந்து உள்ளே வந்துவிடும், நமக்குத் தெரியாது. எங்கள் முதல் பதிப்பில் தொழிலாளர் பெயருக்கு இரண்டு கட்டம்: முதற்பெயர், குடும்பப் பெயர். இரண்டும் கட்டாயம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? சீட்டு எழுதும் பையன் இரண்டாவது கட்டத்தில் எல்லாருக்கும் ஒரு புள்ளி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்தக் கம்பெனியில் எண்பது பேரும் 'புள்ளி' குடும்பத்தார். அவனாவது சமாளித்தான், நான் யோசிக்கவே இல்லை.

கேள்வி: ஏஐ எல்லா நிரலையும் எழுதிவிடுகிறதே, இனி நாங்கள் எதற்குப் படிக்க வேண்டும்? (ஒரே கேள்வியைப் பதினோரு பேர் அனுப்பியிருக்கிறார்கள்)

நான் தினமும் பயன்படுத்துகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. அந்த 1.15 விவகாரத்தை இன்று அதனிடம் கேட்டால், பணத்தைப் பின்ன எண்ணில் வைக்காதே என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடும். 2013-ல் இருந்திருந்தால் எனக்கு ஒரு ஞாயிறு மிச்சம். ஆகவே 'மனிதனைப் போல வருமா' என்றெல்லாம் நான் வசனம் பேசப் போவதில்லை. பல விஷயத்தில் என்னைவிட நன்றாகவே எழுதுகிறது.

ஆனால் ஒன்று பாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஒருவர் இருநூறு பீஸ் தைத்து முடித்திருப்பார், செக்கிங் ஆகியிருக்காது. கணக்குப்படி அது அடுத்த வாரக் கூலி. ஆனால் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும் என்று கேட்டால் காண்ட்ராக்டர் பாதியைக் கையில் கொடுத்துவிடுவார். எங்கும் எழுத மாட்டார், அடுத்த சனிக்கிழமை நினைவிலிருந்து கழிப்பார். இது எங்களுக்கு இரண்டு வருடம் தெரியாது. 'கூலிக் கணக்கு எப்படிப் போடுவீர்கள்' என்று நான் கேட்டபோது ஒருவரும் சொல்லவில்லை, ஏனென்றால் அவர்கள் பார்வையில் அது கணக்கே இல்லை, ஒரு உதவி. ஒரு காண்ட்ராக்டர் தீக்குச்சிப் பெட்டியின் அட்டையில் நாலு பெயர் கிறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, இது என்னங்கண்ணா என்று கேட்டதில்தான் வெளியே வந்தது. நான் கேட்டதை எந்த ஏஐயும் அழகாக எழுதித் தரும். எனக்கே கேட்கத் தெரியாததை?

ஆகவே படியுங்கள், கூடவே வேறொரு தொழிலையும் பழகுங்கள். சாயப்பட்டறை, கோழிப்பண்ணை, ஆஸ்பத்திரி பில்லிங், எதுவானாலும். முதல் ஒரு வருடமாவது சின்னச் சின்ன நிரல்களைக் கையால் எழுதுங்கள். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஏஐ எழுதிய தேதிக் கணக்கைக் கொண்டுவந்தார், சரியாக ஓடியது. இந்த வரி ஏன் இருக்கிறது என்று கேட்டேன், முழித்தார். தப்பு அவருடையது மட்டுமில்லை, அப்படி ஒரு விதியை நாங்கள் அதுவரை சொல்லி வைக்கவில்லை. இப்போது விளக்கத் தெரியாத வரி உள்ளே போகாது, எழுதியது யாராக இருந்தாலும்.

கேள்வி: வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி. உங்கள் கருத்து? (வாசகர், ஓசூர்)

2023-ல் அவர் அப்படிச் சொன்னபோது இந்த ஊரில் யாருக்கும் அதிர்ச்சி இல்லை. 'ஒன்றரை ஷிப்ட்' என்பது இங்கே சாதாரணச் சொல், பன்னிரண்டு மணி நேரம். ஆறு நாளுக்கு 72 ஆகிவிட்டது, கணக்குச் சரியாகத்தான் வருகிறது. அந்தக் கடைசி மணி நேரத்தில் தைத்ததில்தான் ஆல்டர் பீஸ் (தையல் தப்பித் திருத்த வேண்டியது) அதிகம் வரும் என்று எந்தச் செக்கிங் அக்காவைக் கேட்டாலும் சொல்வார். நாங்களும் முதல் இரண்டு வருடம் ராத்திரி ஒரு மணிக்குப் புதுப்பதிப்பு வெளியிட்டவர்கள், காலை ஏழு மணிக்கு அதைத் திரும்பப் பெற்றவர்களும் நாங்களே. இப்போது வெள்ளி, சனி புதுப்பதிப்பு கிடையாது. ஆறு மணிக்கு மேல் ஆபீஸில் விளக்கு எரிந்தால் நான்தான், அதுவும் ஜிஎஸ்டி தாக்கல் வாரத்தில்.

கேள்வி: தமிழில் மென்பொருள் செய்வதில் என்ன சிரமம்? (வாசகி, தஞ்சாவூர்)

திரையில் தமிழ் காட்டுவது இப்போது சுலபம். எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள்.

ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து. ஒரே ஒரு தமிழ் எழுத்து உள்ளே வந்தாலும் அது 70 ஆகிவிடும். அந்த எழுபதும் நாம் எண்ணுகிற எழுபது இல்லை. 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து. புள்ளியைத் தனியாக எண்ணுவதால் கணினிக்கு ஏழு. 'ஸ்ரீ' ஒன்றுக்கே நாலு போய்விடும், பெயரில் ஸ்ரீ உள்ளவர்கள் மன்னிக்கவும். எழுபதைத் தாண்டினால் இரண்டு செய்தியாக உடையும், காசும் இரண்டு மடங்கு. வாரம் பல ஆயிரம் பேருக்குக் கூலி விவரம் அனுப்ப வேண்டும். முதல் நாள் வணக்கத்தை எடுத்தோம். அப்புறம் கம்பெனிப் பெயரைச் சுருக்கினோம். 'உங்களுடைய இந்த வாரக் கூலி' என்று இருந்தது 'வாரக்கூலி' ஆனது, கடைசியில் வெறும் 'கூலி'. அதற்கு மேல் தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிப்படி செய்தியின் மாதிரி வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும், ஒரு சொல்லை மாற்றினாலும் மறுபடி வரிசை. சொற்சிக்கனம் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்கு வாய்க்கவில்லை.

ஆங்கிலத்திலேயே அனுப்பலாமே என்று கேட்டார்கள். அனுப்பிப் பார்த்தோம். திங்கட்கிழமை ஆபீஸ் வாசலில் செல்போனைக் காட்டி 'இதுல என்ன போட்டிருக்கு' என்று கேட்க ஒரு வரிசை நின்றது.

கேள்வி: முதலீட்டாளர்களிடம் ஏன் போகவில்லை? நீங்களும் ஃப்ரெஷ்வொர்க்ஸ் போல ஆகலாமே? (வாசகர், சென்னை)

சென்னையில் 2010-ல் மென்பொருள் நிறுவனமாகத் தொடங்கி 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலானவர்கள், எனக்கும் பெருமைதான். ஆனால் எங்கள் சந்தையின் நீள அகலம் எனக்குத் தெரியும். முதலீடு வாங்கினால் மூன்று வருடத்தில் பத்து மடங்கு காட்ட வேண்டும், பத்து மடங்கு காட்ட இங்கே அத்தனை பனியன் கம்பெனி இல்லை. இந்தத் துறை ஆடும்போது நாங்களும் ஆடுவோம், 2020-ல் எட்டு மாதம் பாதிச் சம்பளத்தில் ஓட்டினோம். வேலையை விடுவது பற்றி நாலு பேர் கேட்டிருந்தீர்கள், அவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஒன்றரை வருட வீட்டுச் செலவு கையில் இல்லாமல் விடாதீர்கள். எனக்கு அதுகூட இல்லை, மனைவியின் ஆசிரியைச் சம்பளம் இருந்தது. அதைச் சொல்லாமல் 'துணிந்து இறங்கினேன்' என்று எழுதினால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது.

கேள்வி: ஆள் எடுக்கும்போது என்ன பார்ப்பீர்கள்? பட்டம் அவசியமா? (வாசகி, தென்காசி)

உங்கள் ஊர்ப் பக்கம் மத்தளம்பாறையில் உட்கார்ந்துகொண்டு ஸோஹோ மென்பொருள் நிறுவனம் என்ன செய்தது என்று பார்த்த பிறகும் இந்தக் கேள்வியா? பிளஸ் டூ முடித்தவர்களைச் சேர்த்து, ஃபீஸ் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்சி தருகிறார்கள். நாங்கள் எட்டுப் பேர்தான், பள்ளிக்கூடம் நடத்த வசதி இல்லை. ஆனால் எங்கள் மென்பொருளைச் சோதிக்கும் பொறுப்பில் இருப்பவர் பிளஸ் டூ முடித்துவிட்டு நாலு வருடம் பனியன் செக்கிங்கில் இருந்தவர். துணியைத் திருப்பிப் போட்டு உள்தையலைப் பார்ப்பது அவருக்குக் கையோடு வந்த பழக்கம். முதல் வாரமே பீஸ் எண்ணிக்கைக் கட்டத்தில் மைனஸ் போட்டார், அது ஏற்றுக்கொண்டது. நான் நிரல் எழுதப் படித்தவன், மைனஸ் பீஸ் யாராவது தைப்பார்களா என்று நினைத்தவன்.

கேள்வி: அந்த நோட்டுகள் இப்போது ஒழிந்துவிட்டனவா? (ஆசிரியர் குழு)

இல்லை. வியாழக்கிழமை தோறும் யாராவது ஒரு வாடிக்கையாளர் இடத்தில் போய் உட்காருவேன், ஒன்றாவது கண்ணில் படும். போன வியாழன் மங்கலம் ரோட்டில் ஒரு கம்பெனி, எங்களிடம் ஒன்பது வருடமாக இருப்பவர்கள். கீபோர்டுக்கு அடியில் நீல அட்டை போட்ட நோட்டு, தேதி வாரியாக எண்கள், சில எண்களைச் சுற்றி வட்டம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. எதை விட்டோம், எந்த ரேட்டில் இடித்தது என்று மனசுக்குள் ஓடுகிறது. மெதுவாகப் புரட்டிக்கொண்டே, இது எந்த லைன் கணக்குங்க என்று முதலாளி அம்மாவிடம் கேட்டேன்.

"அது பால் கணக்குங்க. வட்டம் போட்டது தயிருக்கு ஒறை ஊத்துன நாளு. இதையும் கம்ப்யூட்டர்ல ஏத்திப் போடாதீங்க."